உள்ளேயா, வெளியேயா? நீலப்புள்ளி சொல்லும் சாட்சி

நான்காம் படிவ உயிரியல் பாடநூலில் உயிரணுச் சவ்வின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வரிசையாக நிற்கும் கொழுப்பு மூலக்கூறுகள். அவற்றுக்கு நடுவே செருகி வைத்ததுபோல் சில புரதங்கள். தேர்வில் அந்தப் படத்தை வரைந்து, கால்வாய்ப் புரதம், கடத்திப் புரதம் என்று பெயரிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால், அந்தப் புரதத்தின் எந்தப் பகுதி உயிரணுவுக்கு உள்ளே இருக்கிறது, எந்தப் பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது முதன்முதலில் எப்படித் தெரிந்தது? யாராவது எட்டிப் பார்த்தார்களா?

எட்டிப் பார்க்க வழியில்லை. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் நீளம் ஏறக்குறைய 2 மைக்ரோமீட்டர். 500 பாக்டீரியாக்களை வரிசையாகப் படுக்க வைத்தால்தான் அளவுகோலில் 1 மில்லிமீட்டர் வரும். அதன் சவ்வின் எண்ணெய்ப் பகுதியோ வெறும் 3 நானோமீட்டர் தடிப்பு. பள்ளி ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியில் பாக்டீரியா ஒரு சிறு கோடாகத் தெரியும். சவ்வு தெரியாது. சவ்வுக்குள் இருக்கும் புரதத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

இருந்தும் விடை கிடைத்தது. ஒரு தட்டில் வளர்ந்த பாக்டீரியாப் புள்ளிகள் நீலமா, வெள்ளையா என்று பார்த்தே விஞ்ஞானிகள் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்த உத்தியின் பெயர் மரபணு இணைவு. அதைப் புரிந்துகொள்ள இரண்டு செய்திகள் தெரிந்தால் போதும்: ஒன்று ஒட்டுக்கன்று, மற்றொன்று கந்தகம். இரண்டும் ரப்பரோடு தொடர்புடையவை. லூனாஸ், பாடாங் செராய், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இவை புதியவை அல்ல.

சவ்வைத் தைக்கும் நூல்

புரதம் என்பது அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீண்ட சங்கிலி. அதற்குத் தலை உண்டு, வால் உண்டு. உயிரணு அதைத் தலையில் தொடங்கி வால்வரை வரிசையாகக் கட்டுகிறது. சவ்வுப் புரதத்தைத் துணி தைக்கும் நூலுக்கு ஒப்பிடலாம். ஊசி மேலே போய்க் கீழே வருவதுபோல, சங்கிலி சவ்வைக் கடந்து வெளியே போகும். திரும்பி உள்ளே வரும். மறுபடியும் வெளியே போகும். எத்தனை முறை கடக்கிறது, தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம், இடையிலுள்ள வளைவுகள் எந்தப் பக்கம் என்பதைக் காட்டும் வரைபடமே அந்தப் புரதத்தின் சவ்வு அமைவுப் படம்.

சவ்வின் நடுப்பகுதி எண்ணெய்த் தன்மை கொண்டது. அதைக் கடக்கும் சங்கிலிப் பகுதியும் எண்ணெயோடு ஒத்துப்போகும் அமினோ அமிலங்களால் ஆகியிருக்க வேண்டும். அந்தப் பகுதி பெரும்பாலும் சுருள்வில்போல் முறுக்கிக்கொள்ளும். அந்தச் சுருளில் ஓர் அமினோ அமிலம் கூடினால் உயரம் 0.15 நானோமீட்டர் கூடும். 3 நானோமீட்டரைக் கடக்க எத்தனை அமினோ அமிலங்கள் வேண்டும்? 3-ஐ 0.15-ஆல் வகுத்துப் பாருங்கள். விடை 20.

ஆக, மரபணுவைப் படித்து, எண்ணெயை விரும்பும் 20 அமினோ அமிலங்கள் தொடர்ந்து வரும் இடங்களைத் தேடினால், சவ்வைக் கடக்கும் பகுதிகளை ஊகிக்கலாம். 1982-இல் ஜாக் கைட், ரசல் டூலிட்டில் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் இதற்கான கணக்கு முறையை வெளியிட்டார்கள். கணினியில் ஓரிரு நொடியில் முடியும் வேலை.

என்றாலும் ஊகம் ஊகம்தான். எண்ணெயை ஓரளவுக்கே விரும்பும் பகுதி ஒன்று வந்தால், அது சவ்வைக் கடக்கிறதா, இல்லையா? ஒரு தையலைத் தவறாக எண்ணிவிட்டால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு வளைவும் பக்கம் மாறிவிடும். உள்ளே இருப்பதை வெளியே என்போம். வெளியே இருப்பதை உள்ளே என்போம். ஒரு மருந்து வெளியிலிருந்து வந்து புரதத்தின் எந்தப் பகுதியைத் தொட முடியும் என்ற கணக்கும் தலைகீழாகிவிடும்.

புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் படம்பிடிப்பது இன்னொரு வழி. நீரில் கரையும் புரதங்களுக்கு அது கைகொடுத்தது. எண்ணெயில் குடியிருக்கும் சவ்வுப் புரதங்களோ எளிதில் படிகமாகவில்லை. அணு அளவில் தெளிவான முதல் சவ்வுப் புரத அமைப்பு 1985-இல்தான் வெளிவந்தது. அதைச் செய்த யோஹான் டைசன்ஹோஃபர், ராபர்ட் ஹூபர், ஹார்ட்முட் மிக்கேல் ஆகிய மூவருக்கும் 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஈ.கோலையிடம் உள்ள 4,000-க்கும் மேற்பட்ட மரபணுக்களில் ஏறக்குறைய கால் பங்கு சவ்வுப் புரதங்களுக்கானவை. ஒன்றொன்றுக்கும் இத்தனை பாடுபட முடியுமா? எளிய வழி ஒன்று தேவைப்பட்டது.

ஒட்டுக்கன்றும் ஒட்டு மரபணுவும்

ரப்பர்த் தோட்டத்தில் விதையிலிருந்து முளைத்த நாற்றை அப்படியே வளர விடுவதில்லை. நாற்றின் பட்டையைச் சன்னல்போல் திறந்து, அதிகம் பால் தரும் மரத்தின் மொட்டை அங்கே பொருத்திக் கட்டுவார்கள். ஒட்டு பிடித்ததும், அதற்கு மேலே உள்ள நாற்றின் தண்டை வெட்டிவிடுவார்கள். வேர் ஒரு மரத்தினுடையது. பால் தரும் தண்டு இன்னொரு மரத்தினுடையது. இரண்டும் ஒரே மரமாக வளரும்.

மரபணு இணைவும் இதே வேலைதான். சவ்வுப் புரதத்தின் மரபணுவை ஓரிடத்தில் வெட்டுகிறார்கள். வெட்டிய இடத்துக்குப் பின்னால் உள்ளதை நீக்கிவிட்டு, அங்கே ஒரு நொதியின் மரபணுவை ஒட்டுகிறார்கள். பாக்டீரியா இரண்டையும் ஒரே மரபணுவாகப் படித்து ஒரே சங்கிலியாகக் கட்டும். முன்பாதி சவ்வுப் புரதம், பின்பாதி நொதி. சவ்வுப் புரதம் தன் வழக்கப்படி சவ்வைத் தைத்துக்கொண்டு போகும். வெட்டிய இடம் உள்ளே இருந்தால் நொதியும் உள்ளே இருக்கும். வெளியே இருந்தால் நொதியும் வெளியே போய்விடும்.

இப்போது தேவைப்படுவது, தான் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று சொல்லத் தெரிந்த நொதி. அதைச் சாட்சி நொதி என்று அழைப்போம்.

தொடர்வதற்கு முன் ஒரு விளக்கம். ஈ.கோலைக்கு இரண்டு சவ்வுகள் உண்டு: உட்சவ்வு, புறச்சவ்வு. இரண்டுக்கும் இடையே ஒரு குறுகிய வெளி இருக்கிறது. இந்தக் கட்டுரையில் 'உள்ளே' என்றால் உட்சவ்வுக்கு உள்ளே இருக்கும் சைட்டோபிளாசம். 'வெளியே' என்றால் உட்சவ்வைத் தாண்டிய அந்த இடைவெளி.

கந்தகப் பாலம் காட்டிக் கொடுத்தது

ரப்பர்ப் பாலை உறைய வைத்து ஷீட்டாக அடித்தாலும், அது வெப்பத்தில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் என்ற அமெரிக்கர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாகிறது என்று கண்டார். காரணம் பின்னாளில் விளங்கியது. தனித்தனியாக வழுக்கிக்கொண்டிருந்த ரப்பர்ச் சங்கிலிகளுக்கு இடையே கந்தக அணுக்கள் பாலம் போடுகின்றன. அந்தப் பாலங்கள் இல்லாவிட்டால் டயர் இல்லை.

புரதங்களிலும் கந்தகப் பாலம் உண்டு. சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் ஒரு கந்தக அணு இருக்கிறது. இரண்டு சிஸ்டீன்கள் கைகோத்தால் ஒரு பாலம் உருவாகும். சில புரதங்களுக்கு இது இருந்தால்தான் வடிவம் நிலைக்கும்.

ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி அப்படிப்பட்டது. மருத்துவமனை இரத்தப் பரிசோதனை அறிக்கையில்கூட இந்தப் பெயர் வரும். ஈ.கோலையில் உள்ள இந்த நொதியின் ஒவ்வொரு சங்கிலிக்கும் 2 கந்தகப் பாலங்கள் தேவை. பாக்டீரியாவின் உள்ளே இருக்கும் வேதியியல் சூழல் கந்தக அணுக்களைக் கைகோக்க விடாது. வெளியே போனால் பாலம் போடுவதற்கென்றே ஒரு புரதம் காத்திருக்கிறது. ஆகவே, இந்த நொதி வெளியே போனால் வேலை செய்யும். உள்ளே மாட்டிக்கொண்டால் உருக்குலைந்து வீணாகும்.

அமெரிக்காவின் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் கொலின் மனோய்ல், ஜான் பெக்வித் இருவரும் இந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1985-இல், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் மரபணுவை ஒரு தாவும் மரபணுவுக்குள் வைத்தார்கள். தாவும் மரபணு என்பது டிஎன்ஏவில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தானே பாய்ந்து நுழையக்கூடிய துண்டு. சோளத்தில் அதைக் கண்டுபிடித்த பார்பரா மெக்லின்டாக்குக்கு 1983-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தாவும் துண்டு எங்கே விழும் என்று சொல்ல முடியாது. மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்க வேண்டும் என்பதால், விழுந்த இடத்தில் எழுத்து வரிசை பொருந்த 3 வாய்ப்புகளில் 1-தான் சரி. திசை பொருந்த 2 வாய்ப்புகளில் 1. இரண்டையும் பெருக்கினால், 6 முறை விழுந்தால் ஒருமுறைதான் ஒட்டு பிடிக்கும். ஆனால் பாக்டீரியாக்கள் ஒரே இரவில் கோடிக்கணக்கில் பெருகும். ஆறில் ஒன்று தாராளமாகப் போதும்.

பாக்டீரியாவை அகார் தட்டில் பரப்பி, நிறமற்ற ஒரு வேதிப்பொருளைக் கலந்து வைப்பார்கள். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் வேலை செய்தால் அந்தப் பொருளிலிருந்து பாஸ்பேட் கழன்றுவிடும். மிச்சம் நீலச் சாயமாக மாறும். அவுரிச் செடியின் நீலத்துக்கு நெருங்கிய உறவு இது. மறுநாள் தட்டைத் திறந்தால் சில புள்ளிகள் நீலம், சில வெள்ளை. நீலப்புள்ளியை எடுத்து, ஒட்டு எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று மரபணுவைப் படித்துப் பார்த்தால், புரதத்தின் அந்த இடம் வெளியே இருக்கிறது என்று பொருள். 1986-இல் இருவரும் இந்த முறையால் ஈ.கோலையின் ஒரு சவ்வுப் புரதத்தை அளந்து காட்டினார்கள். செரின் என்ற அமினோ அமிலம் அருகில் இருப்பதை மோப்பம் பிடிக்கும் புரதம் அது.

வெள்ளையை நம்பலாமா?

இங்கேதான் கவனம் வேண்டும். நீலம் என்றால் வெளியே, சரி. வெள்ளை என்றால் உள்ளே என்று உடனே எழுதிவிடலாமா?

கூடாது. நொதி உள்ளே இருப்பதால் வெள்ளையாக இருக்கலாம். புரதமே உருவாகாமல் போயிருக்கலாம். உருவான புரதத்தைப் பாக்டீரியா சிதைத்துத் தள்ளியிருக்கலாம். வகுப்பில் ஆசிரியர் பெயர் கூப்பிடும்போது பதில் வரவில்லை என்றால், மாணவர் வேறு வகுப்பில் இருக்கிறார் என்று மட்டும் பொருளில்லை. பள்ளிக்கே வராமலும் இருக்கலாம். பதில் இல்லாதது பதில் ஆகாது.

ஆகவே எதிர்ச்சாட்சி ஒன்று தேவை. பீட்டா-கேலக்டோசிடேஸ் என்ற நொதி அந்த வேலையைச் செய்கிறது. அது உள்ளே இருந்தால் வேலை செய்யும். வெளியே தள்ளப்பட்டால் செய்யாது. இதற்கும் நீல நிறம் காட்டும் வேறொரு வேதிப்பொருள் உண்டு. ஒரே இடத்தில் ஒருமுறை முதல் நொதியையும், இன்னொரு முறை இரண்டாம் நொதியையும் ஒட்டிப் பார்ப்பார்கள். ஒன்று நீலம், மற்றது வெள்ளை என்று வந்தால் சாட்சிகள் ஒத்துப்போகிறார்கள். இரண்டும் வெள்ளை என்றால் சோதனையில் எங்கோ கோளாறு.

இந்த எதிர்ச்சாட்சி ஒரு புதிய கண்டுபிடிப்புக்கும் வழிவிட்டது. மால்டோஸ் சர்க்கரையை உள்ளே கொண்டுவரும் சவ்வுப் புரதம் ஒன்றின் வெளிப்பகுதியில் பீட்டா-கேலக்டோசிடேஸை ஒட்டி வைத்திருந்தார்கள். எதிர்பார்த்தபடி அது வேலை செய்யவில்லை. ஆனால் மரபணு மாற்றம் அடைந்த சில பாக்டீரியாக்களில் அது திடீரென்று வேலை செய்தது. ஏன் என்று தேடியபோது, அந்தப் பாக்டீரியாக்களில் கந்தகப் பாலம் போடும் புரதம் கெட்டுப்போயிருந்தது தெரிந்தது. வேண்டாத இடத்தில் பாலம் விழுந்ததுதான் நொதியை முடக்கி வைத்திருந்திருக்கிறது! ஜேம்ஸ் பார்ட்வெல், கேரன் மெக்கவர்ன், ஜான் பெக்வித் மூவரும் 1991-இல் இதை வெளியிட்டார்கள். ஆல்கலைன் பாஸ்பட்டேஸுக்கு வெளியே பாலம் போட்டுக் கொடுக்கும் அந்தக் கைகாரப் புரதம் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

தம்பட்டங்காயும் ஐதராபாத்தும்

இந்த உத்தி இந்தியாவிலும் ஓர் அழகான வேலையைச் செய்திருக்கிறது. அந்தக் கதை ஓர் அவரையில் தொடங்குகிறது. தம்பட்டங்காய், வாளவரை என்றும், மலாயில் காச்சாங் பாராங் என்றும் சொல்லப்படும் நீண்ட அவரையை அறிந்திருப்பீர்கள். அதன் முற்றிய விதையில் கனாவனின் என்ற நச்சுப்பொருள் உண்டு. தன்னைத் தின்ன வரும் உயிர்களிடமிருந்து காத்துக்கொள்ளத் தாவரம் வைத்திருக்கும் ஆயுதம் அது. பார்வைக்கு அது அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைப் போலவே இருக்கும். உயிரணு ஏமாந்து, அர்ஜினின் வைக்க வேண்டிய இடத்தில் கனாவனினை வைத்துப் புரதம் கட்டும். அந்தப் புரதம் உருப்படாது.

ஐதராபாத்தில் மரபணு ரேகைப் பதிவு, நோயறிதல் மையம் என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே ஜெ. கௌரிசங்கரும் மதுசூதன் நந்தினேனியும் ஈ.கோலையின் பெயர் தெரியாத மரபணு ஒன்றை ஆராய்ந்தார்கள். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்துவிட்டுப் பாக்டீரிய மரபியலுக்கு வந்தவர் கௌரிசங்கர். அந்த மரபணு கெட்டுப்போன பாக்டீரியாக்களைக் கனாவனின் மிக எளிதாகக் கொன்றது. நல்ல மரபணுவைப் பல படிகளாகக் கொடுத்தபோது பாக்டீரியா அதிக அர்ஜினினை வெளியே தள்ளியது. ஆக, அது அர்ஜினினை வெளியேற்றும் கதவுக்கான மரபணு. 2004-இல் அதற்கு ஆர்கோ என்று பெயர் வைத்தார்கள்.

ஆர்கோவுக்கு ஒரு பிரபலமான உறவினர் உண்டு. கோரினிபாக்டீரியம் குளூட்டாமிக்கம் என்ற மண் பாக்டீரியாவில் லைசின் என்ற அமினோ அமிலத்தை வெளியேற்றும் லைஸ்-ஈ என்ற புரதம் அது. சமையலில் சேர்க்கும் சுவையூட்டி உப்பையும், கோழித் தீவனத்தில் கலக்கும் லைசினையும் தொழிற்சாலைகளில் தயாரித்துத் தருவது இந்தப் பாக்டீரியாதான். 236 அமினோ அமிலங்கள் கொண்ட லைஸ்-ஈயில், எண்ணெயை விரும்பும் பகுதிகள் 6 என்று கணக்கு காட்டியது. ஜெர்மனியின் யூலிக் ஆய்வாளர்களும் அவர்களுடன் சேர்ந்தவர்களும் இரண்டு சாட்சி நொதிகளையும் ஒட்டிப் பார்த்தார்கள். தலை உள்ளே, வால் வெளியே என்று விடை வந்தது.

சற்று நின்று யோசியுங்கள். உள்ளே தொடங்கி 6 முறை கடந்தால் வால் எங்கே முடியும்? உள்ளே. வால் வெளியே இருக்கிறது என்றால் கடந்த எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். ஆறில் ஒன்று சவ்வைக் கடக்கவில்லை. உண்மையில் கடந்தவை 5 என்று 1999-இல் அறிவித்தார்கள். கணினி எண்ணிய ஒரு தையல் தையலே அல்ல.

உறவினரின் படத்தையே ஆர்கோவுக்கும் ஒட்டிவிடலாம் என்று தோன்றும். ஐதராபாத்தில் அபிஜித் சர்தேசாய் குழுவினர் அப்படிச் செய்யவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பாலசுப்பிரமணியன் கோபாலுடன் சேர்ந்து ஆர்கோவைத் தனியாகவே அளந்தார்கள். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ஒட்டுகளைப் போட்டார்கள். அதோடு வேறு வகைச் சாட்சி ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்கள்.

வேறு சாட்சி எதற்கு? ஒட்டுக்கன்றை நினைத்துப் பாருங்கள். ஒட்டுப் போடும்போது மேல்பகுதியை வெட்டிவிடுகிறோம். மரபணு ஒட்டிலும் வெட்டிய இடத்துக்குப் பின்னால் உள்ள புரதம் இருக்காது. பின்பாதி இல்லாத புரதம், முழுப் புரதம் நிற்பதுபோலவே நிற்கும் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? ஆகவே, புரதத்தை வெட்டாமல், ஏதாவது ஓர் இடத்தில் உள்ள ஒரே ஓர் அமினோ அமிலத்தை மட்டும் சிஸ்டீனாக மாற்றினார்கள். கந்தகத்தைப் பற்றிக்கொள்ளும் வேதிப்பொருள்கள் உண்டு. அவற்றில் சில சவ்வைக் கடக்க மாட்டா. வெளியிலிருந்து வரும் அப்படிப்பட்ட பொருள் சிஸ்டீனைத் தொட முடிந்தால் அந்த இடம் வெளியே. தொட முடியாவிட்டால் மறைந்திருக்கிறது. இங்கேயும் சாட்சி சொல்வது கந்தகம்தான்.

2016-இல் விடை வெளிவந்தது. ஆர்கோவின் தலை உள்ளே, வால் வெளியே. கடப்பது 5 முறை. முதல் 40 அமினோ அமிலங்கள் அளவுக்குத் தலைப்பகுதி முழுவதும் உள்ளேயே நிற்கிறது. அதை நீக்கினால் கதவு வேலை செய்யாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குட்டை வாலை நீக்கினால் ஒன்றும் ஆகாது. சவ்வின் இரு ஓரங்களுக்கு அருகே ஒவ்வோர் அஸ்பார்டேட் நிற்கிறது. எதிர்மின்சுமை கொண்ட அந்த இரண்டும், நேர்மின்சுமை கொண்ட அர்ஜினின் கடந்து செல்ல உதவுவதாகத் தெரிகிறது.

உறவினரோடு ஒப்பிட்டபோதுதான் வியப்பு. லைஸ்-ஈயை ஈ.கோலையில் வைத்தால் அது ஆர்கோவின் வேலையைச் செய்கிறது. ஆனாலும், லைஸ்-ஈக்கு அறிவித்திருந்த படத்துக்கும் ஆர்கோவின் படத்துக்கும் முதல் மூன்றில் ஒரு பங்கு பொருந்தவில்லை. ஒரே குடும்பம், ஒரே வேலை. ஆனால் தலைப்பக்கத் தையல் வேறு. அண்ணனைப் பார்த்துத் தம்பியின் படத்தை வரைந்திருந்தால் இது தெரிந்திருக்காது.

இரண்டு சாட்சிகளும் 'ஆம்' என்றால்?

1986-இல் சுவீடன் அறிஞர் குன்னர் வான் ஹைனே ஒரு விதியைக் கவனித்தார். நேர்மின்சுமை உள்ள லைசினும் அர்ஜினினும் அதிகம் உள்ள வளைவுகள் பெரும்பாலும் உள்ளேயே தங்குகின்றன. இன்றும் கணினிகள் புரதத்தின் திசையை ஊகிக்க இந்த விதி கைகொடுக்கிறது.

2005-இல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழு ஈ.கோலையின் சவ்வுப் புரதங்களை மொத்தமாக அளக்க இறங்கியது. வாலில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ஒட்டிய ஒரு வகை. வாலில் பச்சையாக ஒளிரும் புரதத்தை ஒட்டிய இன்னொரு வகை. ஜெல்லி மீனிலிருந்து கிடைத்த இந்தப் பச்சைப் புரதம், உள்ளே இருந்தால் ஒளிரும். இந்த வழியாக வெளியே போனால் ஒளிராது. இப்படி 601 புரதங்களின் வால் எந்தப் பக்கம் என்று தீர்மானித்தார்கள்.

சில புரதங்களில் மட்டும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் 'ஆம்' என்றன. வால் வெளியேயும் இருக்கிறது, உள்ளேயும் இருக்கிறது! சோதனைக் கோளாறு என்று ஒதுக்கியிருக்கலாம். அவர்கள் ஒதுக்கவில்லை. நச்சுப் பொருள்களை வெளியேற்றும் ஈஎம்ஆர்-ஈ உட்பட 5 புரதங்கள், பாதி ஒரு திசையிலும் பாதி எதிர்த்திசையிலும் சவ்வில் நுழைகின்றன என்று 2006-இல் விளக்கினார்கள். அவற்றின் வளைவுகளில் நேர்மின்சுமை ஒரு பக்கமாகச் சாயாமல் இரு பக்கமும் சமமாக இருந்தது. எதிரெதிராக நிற்கும் இரண்டு படிகள் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். சாட்சிகள் முரண்படுவதுபோல் தெரிந்தாலும் இருவரும் உண்மையையே சொல்லியிருக்கிறார்கள்.

எதற்காக இத்தனை பாடு?

டெட்ராசைக்ளின் மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் சில, மருந்து உள்ளே வந்தவுடன் அதை வெளியே தள்ளும் ஒரு சவ்வுப் புரதத்தை வைத்திருக்கின்றன. 1992-இல் அதன் அமைவையும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ஒட்டுகளால்தான் அளந்தார்கள்: 12 முறை கடக்கிறது, தலையும் வாலும் உள்ளே. அந்தக் கதவை அடைக்க ஒரு மருந்து செய்ய வேண்டுமென்றால், எந்தப் பகுதி வெளியே இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

தொழிற்சாலைகளுக்கும் இது வேண்டும். சோளத்தில் லைசின் குறைவு. அதைத் தின்னும் கோழி நன்றாக வளர லைசினைத் தனியாகச் சேர்க்கிறார்கள். பாக்டீரியா எவ்வளவு லைசின் தயாரித்தாலும், அது உள்ளேயே தேங்கி நின்றால் பயனில்லை. வெளியேற்றும் கதவு நன்றாக வேலை செய்தால்தான் உற்பத்தி கூடும்.

இப்போதுதான் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். உண்மைதான். புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் 2024-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். ஆனால் அது தரும் வடிவத்தோடு சவ்வு சேர்ந்து வருவதில்லை. அந்த வடிவம் சவ்வில் எந்தத் திசையில் நுழைகிறது என்பதைத் தனியாகத்தான் தீர்மானிக்க வேண்டும். ஈஎம்ஆர்-ஈ போல இரு திசையிலும் நுழையும் புரதம் வந்தால், உயிருள்ள பாக்டீரியாவிடம் கேட்பதுதான் நேர்வழி. கேட்கும்போதும் ஒரே சாட்சியோடு நின்றுவிடக் கூடாது.

நீங்களே வரைந்து பாருங்கள்

இது பயிற்சிக்காக உருவாக்கிய புரதம். நீளம் 200 அமினோ அமிலங்கள். எண்ணெயை விரும்பும் பகுதிகள் நான்கு: 28 முதல் 48 வரை, 68 முதல் 88 வரை, 98 முதல் 118 வரை, 135 முதல் 155 வரை.

நான்கு இடங்களில் ஒட்டுப் போட்டோம். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் தந்த நிறம்: 15-ஆம் இடத்தில் வெள்ளை, 60-இல் நீலம், 125-இல் நீலம், 170-இல் வெள்ளை. பீட்டா-கேலக்டோசிடேஸ் தந்தது நேர் எதிர்: 15-இல் நீலம், 60-இல் வெள்ளை, 125-இல் வெள்ளை, 170-இல் நீலம்.

கேள்வி 1: தலை எந்தப் பக்கம்? கேள்வி 2: புரதம் சவ்வை எத்தனை முறை கடக்கிறது? கேள்வி 3: இரண்டாம் கேள்விக்கு ஒரே விடை கிடைக்காவிட்டால், அடுத்த ஒட்டை எந்த இடத்தில் போடுவீர்கள்?

விடை: தலை உள்ளே. 15-க்கும் 60-க்கும் இடையே பக்கம் மாறுகிறது. 125-க்கும் 170-க்கும் இடையே மீண்டும் மாறுகிறது. ஆகவே முதல் பகுதியும் கடைசிப் பகுதியும் கடக்கின்றன. 60, 125 இரண்டும் வெளியே இருப்பதால், நடுவில் உள்ள இரண்டு பகுதிகளும் கடக்காமல் இருக்கலாம், அல்லது இரண்டுமே கடந்திருக்கலாம். மொத்தம் 2 அல்லது 4. தீர்மானிக்க, அந்த இரண்டுக்கும் நடுவே 93-ஆம் இடத்தில் ஒட்டுப் போட வேண்டும். அங்கே ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நீலம் என்றால் 2. பீட்டா-கேலக்டோசிடேஸ் நீலம் என்றால் 4. இரண்டுமே வெள்ளை என்றால் எதையும் எழுதாதீர்கள். சோதனையை மறுபடியும் செய்யுங்கள்.